சார்ஜ் நிற்காத போன்: செட்டிங்கா, ரீசெட்டா, புது பேட்டரியா?

காலையில் முழுதாக ஏற்றிய போன் மதியத்துக்குள் 30 சதவீதத்தில் வந்து நின்றால் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கடைக்காரர் பேட்டரியை மாற்றச் சொல்வார். யூடியூப் காணொளி ரீசெட் அடிக்கச் சொல்லும். பக்கத்து நாற்காலிக்காரர் ஆப்பை எல்லாம் மூடச் சொல்வார். இவை ஒன்றுக்கொன்று மாற்று வழிகள் என்று நினைத்துத்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேறு கோளாறுக்கு உரியது.

பேட்டரி தேய்ந்தால் அதன் கொள்ளளவு குறையும். போன் இழுக்கும் மின்சாரம் அதனால் கூடிவிடாது. 5000 எம்.ஏ.எச். (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) பேட்டரி உள்ள போன், இரவு எட்டு மணி நேரம் சும்மா கிடந்து 250 எம்.ஏ.எச். எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 5 சதவீதம். இரண்டு வருடத்தில் பேட்டரி 4000-ஆகத் தேய்ந்தாலும் அதே 250 என்பது ஆறேகால் சதவீதம்தான். ஆகவே ஒரே இரவில் 20 சதவீதம் காணாமல் போனால் குற்றவாளி பேட்டரி அல்ல. ஏதோ ஒன்று போனைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. அங்கே புது பேட்டரி போட்டால் அதுவும் அதே வேகத்தில்தான் இறங்கும்.

முதலில் இரண்டு இரவுச் சோதனை

இரண்டு இரவும் 80–90 சதவீதத்தில் தொடங்குங்கள். நூறில் தொடங்க வேண்டாம். பல போன்கள் நூறைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்துக் காட்டும், கணக்கு தப்பும். முதல் இரவு ஃப்ளைட் மோட் போட்டு வைஃபையையும் அணைத்துவிடுங்கள் (அலாரம் அடிக்கும், கவலை இல்லை). மறுநாள் இரவு வழக்கம்போல் விடுங்கள்.

ஃப்ளைட் மோடில் 1–3, சாதாரணமாக 4–8 சதவீதம் இறங்கினால் தூக்கத்தில் கோளாறில்லை. பகலில் திரை எரியும்போதுதான் செலவாகிறது, அல்லது பேட்டரி தேய்ந்திருக்கிறது. ஃப்ளைட் மோடில் குறைவு, சாதாரணமாக 15-க்கு மேல் என்றால் சிக்னலோ, பின்னணியில் ஒத்திசைக்கும் ஆப்போ காரணம். இரண்டு இரவும் அதிகம் என்றால் ஆண்ட்ராய்டில் மூன்றாவது இரவு சேஃப் மோடில் போடுங்கள். பவர் ஆஃப் பொத்தானைத் திரையில் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் அது கிடைக்கும். நீங்கள் நிறுவிய ஆப் எதுவும் அதில் ஓடாது. அங்கே சரியாகிவிட்டால் உங்கள் ஆப்களில் ஒன்றுதான் காரணம். அப்போதும் இறங்கினால் சிஸ்டத்திலோ வன்பொருளிலோ தேட வேண்டும்.

சிஸ்டம் அப்டேட் முடிந்த இரண்டு மூன்று நாளுக்கு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். போன் உள்ளுக்குள் ஆப்களை மறுபடி ஒழுங்கு செய்துகொண்டிருக்கும்.

செட்டிங்கில் சரிசெய்வது

செலவில்லாத வழி. இரவுச் சோதனையில் பின்னணி ஆப் மாட்டினால் இதுவே போதும். பேட்டரி யூசேஜ் பக்கத்தில் ஆப்களின் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பல போன்களில் அது மொத்தச் செலவில் அந்த ஆப்பின் பங்கு. பேட்டரியின் சதவீதம் அல்ல. பார்க்க வேண்டியது பின்னணி நேரம். யூடியூப் 3 மணி நேரம் திரையில் ஓடியது நியாயம். திறக்கவே திறக்காத ஷாப்பிங் ஆப் பின்னணியில் 4 மணி நேரம் ஓடியிருந்தால் அது மாட்டியது.

அந்த ஆப்பின் பேட்டரி பகுதியில் 'ரெஸ்ட்ரிக்டட்' என்று வையுங்கள். சாம்சங்கில் 'டீப் ஸ்லீப்பிங்' பட்டியலில் சேர்க்கலாம். லொகேஷன் அனுமதி 'எப்போதும்' என்றிருந்தால் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். வாட்ஸ்அப், மெயில், அலாரம் ஆப்களை இப்படிக் கட்டிப்போடாதீர்கள். செய்தி தாமதமாக வரும், அலாரம் தவறும்.

ஆப்களை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடும் பழக்கத்தால் லாபமில்லை. மறுபடி திறக்கும்போது முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருப்பதால் கூடுதல் மின்சாரம்தான் போகும்.

சிக்னல் விஷயம் பலர் கவனிக்காதது. கோபுரம் தூரமானால் போன் அதிக சக்தியில் கத்த வேண்டியிருக்கிறது. ஆண்ட்ராய்டில் அபவுட் போன் பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாகத் தெரியும். −85 அருகே நல்லது. −110-க்கும் கீழே போனால் மோசம். 5ஜி வந்து வந்து போகும் வீட்டில் 4ஜி-க்கு மாற்றிப் பாருங்கள். ஏர்டெல் 5ஜியைத் தொடங்கியது 4ஜியின் தோளில் ஏறி நிற்கும் முறையில். அதில் போன் இரண்டு இணைப்பையும் தாங்குவதால் செலவு கூடும். ஜியோவின் 5ஜி 4ஜியின் துணை இல்லாமல் தனித்து நிற்கும் வகை. வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை காலிங்கை இயக்குவது இன்னும் நல்லது.

டார்க் மோட்? ஓலெட் திரையில் மட்டும், அதுவும் வெளிச்சம் கூட்டியிருந்தால்தான். பர்டூ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் (2021) முழு வெளிச்சத்தில் சராசரியாக 39–47 சதவீதம் மிச்சம்; 30–50 சதவீத வெளிச்சத்தில் வெறும் 3–9. எல்.சி.டி. திரையில் பின்விளக்கு எப்படியும் எரிவதால் பயனில்லை.

ஃபேக்டரி ரீசெட்

போனில் உள்ளதை எல்லாம் அழித்துப் புதிது போலாக்கும், அளவுக்கு மீறிப் புகழப்படும் வழி இது. சேஃப் மோடில் சரியாகும் போனுக்கு ரீசெட் தேவையே இல்லை. அண்மையில் நிறுவிய ஆப்களை ஒவ்வொன்றாக நீக்கினால் போதும். சேஃப் மோடிலும் இறங்குகிறது, பெரிய அப்டேட்டுக்குப் பிறகுதான் தொடங்கியது என்றால் மட்டும் ரீசெட் அடிக்கலாம்.

அரை நாள் போகும். வாட்ஸ்அப் பேக்கப், ஆதென்டிகேட்டர் (கணக்குகளில் நுழைய எண் தரும் ஆப்) குறியீடுகள், கூகுள் கணக்கின் கடவுச்சொல் மூன்றையும் முன்பே கையில் வைத்திருக்க வேண்டும். யு.பி.ஐ. ஆப்களில் சிம்மைச் சரிபார்த்து மறுபடி பதிவு செய்ய வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டுப் பழைய பேக்கப்பை அப்படியே இறக்கினால் தொல்லை கொடுத்த ஆப்பும் கூடவே வந்துவிடும். ஆப்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். முதல் இரண்டு நாள் போட்டோவெல்லாம் ஒத்திசைப்பதால் சார்ஜ் வேகமாகத்தான் இறங்கும். அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

புது பேட்டரி

தேய்ந்த பேட்டரியின் அடையாளம் வேறு: 25 சதவீதத்தில் கேமரா திறந்ததும் போன் அணைந்துவிடும், 40-இலிருந்து திடீரென 28-க்குத் தாவும். உள் தடை கூடிவிட்டதால் அதிகம் இழுக்கும்போது மின்னழுத்தம் சரிகிறது. ஐபோனில் பேட்டரி ஹெல்த் 80-க்குக் கீழே போனால் மாற்றும் நேரம். ஐபோன் 14 வரை 500 முழுச் சுற்றுக்கும் (மொத்தம் நூறு சதவீதம் செலவானால் ஒரு சுற்று), 15-இலிருந்து 1000 சுற்றுக்கும் 80 சதவீதம் தாங்கும்படி வடிவமைத்ததாக ஆப்பிள் சொல்கிறது. சாம்சங்கில் 'சாம்சங் மெம்பர்ஸ்' ஆப்பின் சோதனையில் பேட்டரி நிலை தெரியும். மற்ற ஆண்ட்ராய்டில் அக்யுபேட்டரி போன்ற ஆப்பைப் பல முறை சார்ஜ் ஏற்றும் வரை ஓடவிட்டால் ஒரு மதிப்பீடு கிடைக்கும்.

அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரா, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துக் கடையா? போன் இன்னும் பாதுகாப்பு அப்டேட் வாங்குகிறது என்றால் சர்வீஸ் சென்டர்தான். விலை கூட, ஆனால் சரியான செல் வரும். அப்டேட் நின்ற பழைய போனுக்குக் கடை போதும், பார்த்து வாங்கினால். லேபிளில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண், ஆர் எழுத்தில் தொடங்குவது, இருக்கிறதா பாருங்கள், பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அதைச் சரிபார்க்கலாம். அதே பருமனுள்ள பேட்டரியில் ஒரிஜினலைவிட ஆயிரம் எம்.ஏ.எச். கூடுதல் என்று அச்சிட்டிருந்தால் அது டூப்ளிகேட். ஐபோன் எக்ஸ்.எஸ்., எக்ஸ்.ஆர். முதல் ஆப்பிளுடையது அல்லாத பேட்டரி போட்டால் செட்டிங்கில் எச்சரிக்கை வரும். எங்கே திறந்தாலும் பழைய நீர்த்தடுப்பை நம்பாதீர்கள்.

பவர் பேங்க்

இது தீர்வல்ல, ஒத்திவைப்பு. 10000 எம்.ஏ.எச். என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 37 வாட்-அவர். மாற்றுவதில் வீணாவது போக 5000 எம்.ஏ.எச். போனை ஏறக்குறைய ஒன்றரை முறைதான் ஏற்றும். பவர் பேங்கில் சொருகியபடியே வீடியோ பார்த்தால் சூட்டில் பேட்டரி இன்னும் சீக்கிரம் தேயும்.

பின்மூடி உப்பியிருந்தாலோ திரை ஓரத்தில் தூக்கியிருந்தாலோ மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜ் போடாமல், அமுக்காமல், அணைத்துச் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.