மாட்ரிட் தள்ளுபடிக் கடைகள்: ‘ச்சோயாசோ’ பலகையைப் பார்த்துக் கோட் வாங்குபவர்கள் கவனிக்க

மாட்ரிட்டில் ஜனவரி 6, மூவரசர் திருநாள் முடிந்த மறுநாளே ‘ரெபாஹாஸ்’, அதாவது தள்ளுபடி விற்பனை, களைகட்டிவிடும். 2012 முதல் கடைக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் தள்ளுபடி போடலாம். ஆனாலும் ஊர் காத்திருப்பது இந்த நாளுக்குத்தான். புதிதாக வந்திருக்கும் நம் பிள்ளைகள் குளிருக்குக் கோட் வாங்குவதும் அப்போதுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிரான் வியா கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் துணிக்கடை. கண்ணாடியில் பெரிதாக ‘ச்சோயாசோ!’, அதாவது ‘விட்டால் கிடைக்காது’ ரகம். உள்ளே கோட் வரிசைக்கு மேல் ‘தீராதோ தெ ப்ரெசியோ’, நம் ஊர்ப் பேச்சில் அடிமாட்டு விலை. 129,95 யூரோவை அடித்துவிட்டு 64,95 என்று போட்டிருந்தார்கள். விற்பனைப் பெண்ணும் ‘கங்கா, கங்கா’ (மலிவு, மலிவு) என்று அதையே சொன்னார்.

வாங்கி வந்து வீட்டில் அட்டையைக் கழற்றும்போது விலைச் சீட்டின் ஓரம் உரிந்துகொண்டு வந்தது. அடியில் பழைய சீட்டு: 69,95. கூடத் தங்கியிருக்கும் தோழி அதே கோட்டை அதே கடையில் டிசம்பரில் அந்த விலைக்குத்தான் வாங்கியிருக்கிறார், பில் இருக்கிறது. ஆக, பாதி விலை என்றது வெறும் 5 யூரோ குறைப்பு. ஜிப்பை ஒட்டி உள்துணியில் ஒரு விரல் நீளத்துக்கு வேறு நிற நூலில் தையல் போட்டிருந்தது. முதல் குளிரிலேயே அந்த இடத்தில் ஜிப் வாயைப் பிளந்துவிட்டது. யாரோ திருப்பிக் கொடுத்ததைத் தைத்து மாட்டியிருக்கிறார்கள்.

ச்சோயாசோ, கங்கா எல்லாம் தெருப்பேச்சு. அவற்றை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. ஆனால் பழைய விலையை அடித்துப் போட்டால் சட்டம் வந்துவிடுகிறது: 2022 மே முதல், தள்ளுபடிக்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் ‘முன் விலை’யாகக் காட்ட வேண்டும். ‘ரெபாஹாஸ்’ என்று பழுதான சரக்கை விற்கவும் தடை இருக்கிறது. பழுதானது ‘சால்தோஸ்’ என்ற பெயரில்தான் போகலாம், அதுவும் என்ன பழுது என்று தெளிவாக எழுதி வைத்து.

கோட்டைத் திரும்பக் கொண்டுபோனேன். கல்லாவில் ஒட்டியிருந்த துண்டுக் காகிதத்தைக் காட்டி, தள்ளுபடிச் சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். பிடிக்கவில்லை என்று திருப்பினால் அவர்கள் மறுக்கலாம், சரி. பழுதுக்கு அந்தக் காகிதம் செல்லாது. 2022-இலிருந்து புதுப் பொருளுக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம், தள்ளுபடியில் வாங்கினாலும் அதேதான். அப்புறம் ‘ஓஹா தெ ரெக்லமாசியோனெஸ்’, அந்தப் புகார்ப் படிவத்தைக் கேட்டேன். ‘தீர்ந்துபோச்சு’ என்றார் மேலாளர். எந்தக் கடையும் அதை வைத்திருந்தே ஆக வேண்டும். நகரக் காவலரைக் கூப்பிடுகிறேன் என்றதும் மேசை இழுப்பறையிலிருந்து கட்டாகவே வந்தது!

நகலை மாநகராட்சியின் நுகர்வோர் அலுவலகமான ஓமிக்கில் கொடுத்திருக்கிறேன், கட்டணம் கிடையாது. தோழியின் பில், உரித்த சீட்டின் படம், அந்தத் தையலின் படம் எல்லாம் இணைத்தாயிற்று. பணம் இன்னும் வரவில்லை. நீங்கள் வாங்கினால் பில்லை அன்றே படம் எடுத்துவிடுங்கள், அந்த எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். விலை அட்டையையும் கடையிலேயே, அவர்கள் கண் முன்னாலேயே எடுங்கள்.