வானியல் படிப்பிக்க எதை எடுப்பது? மட்டக்களப்பு வானத்தை வைத்து ஓர் ஒப்பீடு

வானியல் படிப்பிக்க இணையத்தில் வளம் இல்லை என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. நாசா, ஐரோப்பிய விண்வெளி முகமை, சர்வதேச வானியல் ஒன்றியம் எல்லாமே ஆசிரியர்களுக்காக இலவசமாகக் குவித்து வைத்திருக்கின்றன. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒருவர் இவற்றில் எதை முதலில் எடுப்பது? என் அளவுகோல் ஒன்றுதான். வகுப்பில் காட்டியதை, பிள்ளை அன்றிரவு தன் வீட்டு முற்றத்தில் நின்று சரிபார்க்க முடிய வேண்டும்.

பரீட்சைக்கு அரசாங்கப் பாடநூலும் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளமும் போதும். தமிழில் இருக்கின்றன, பாடத்திட்டத்தை விட்டு விலகாதவை. ஆனால் தாளில் அச்சான வானம் அசையாது. அதற்கு வேறு துணை வேண்டும்.

நாசாவின் தளங்கள் கண்ணுக்கு விருந்து. செவ்வாயின் தரை, வொயேஜர் விண்கலம் போன பாதை என்று நாம் ஒருநாளும் நேரில் பார்க்க முடியாதவற்றுக்கு அதைவிட நல்லது இல்லை. 'ஐஸ் ஆன் த சோலார் சிஸ்டம்' பக்கத்தில் கோள்களைப் பிள்ளைகளே சுழற்றிப் பார்க்கலாம். இதற்கு நல்ல இணைப்பு வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அங்கே வரும் வான அவதானிப்புப் பாடங்கள் பலவும் வடக்கே வெகு தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. நியூயோர்க்கில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 40 பாகைக்கு மேல் நிற்கும். நமக்கு அது வெறும் 7.7 பாகைதான், பனைமரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். அங்கே பிறை நிமிர்ந்து நிற்கும், இங்கே பெரும்பாலும் தோணி போலக் கிடக்கும். படத்தில் ஒன்றும் வானத்தில் வேறொன்றுமாகக் கண்டால் பிள்ளை தன் கண்ணைத்தான் சந்தேகிக்கும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் ஸ்டெல்லாரியம் வெல்கிறது. எந்த ஊரின் வானத்தையும் எந்த நேரத்துக்கும் திரையில் காட்டும் மென்பொருள் இது. கணினிக்கான பதிப்பு முழுக்க இலவசம். ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் இணையமே தேவையில்லை, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பாடசாலை ஒன்றிலும் ஓடும். அகலாங்கு 7.7 வடக்கு, நெட்டாங்கு 81.7 கிழக்கு என்று கொடுத்துவிட்டால் திரையில் விரிவது நம் வானம். பிறகு இடத்தை லண்டனுக்கு மாற்றுங்கள். துருவ நட்சத்திரம் விறுவிறுவென்று மேலே ஏறும். பூமி உருண்டை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கரும்பலகையில் வராது. 2019 டிசெம்பர் 26 காலைக்குப் போனால் அன்றைய சூரிய கிரகணத்தையும் மறுபடி ஓட்டிக் காட்டலாம்.

எந்த மாதம் எதைக் காட்டுவது என்றும் இதிலேயே பார்த்து வைக்கலாம். திருவாதிரை மாலையில் நன்றாகத் தெரியும் டிசெம்பர், ஜனவரியில் நமக்கு மாரி மழை. அதனால் மே மாத முன்னிரவில் தென்சிலுவையையும் யூலையில் விருச்சிகத்தையும் பிடிப்பது நல்லது. தெற்கே மரம் மறைக்காத வாவிக்கரையோ வயல்வெளியோ போதும். அமெரிக்காவின் பெரும்பகுதிக்குத் தென்சிலுவை தெரிவதே இல்லை, நமக்கோ அது 20 பாகைக்கு மேல் ஏறுகிறது.

குவிமாடத்தில் வானத்தைக் காட்டும் கொழும்புக் கோள்மண்டல அரங்கு 1965 முதல் இருக்கிறது. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம், ஆகவே சுற்றுலாவோடு சேர்த்துத்தான் யோசிக்கலாம்.

ஸ்டெல்லாரியம் காட்டும், ஆனால் செய்ய வைக்காது. அதற்கு சர்வதேச வானியல் ஒன்றியத்தின் ஆஸ்ட்ரோஎடு தளம். ஒவ்வொரு செயற்பாட்டையும் ஒரு வானியலாளரும் ஒரு கல்வியாளரும் சரிபார்த்த பிறகே வெளியிடுகிறார்கள். வயது, நேரம், செலவு எல்லாம் முதலிலேயே போட்டிருக்கும். பந்தும் டோர்ச்சும் தடியும் போதுமான செயற்பாடுகள் நிறைய. ஆங்கிலத்தில் இருப்பதை ஆசிரியர்தான் தமிழாக்க வேண்டும், உரிமம் அதற்கு இடம் தருகிறது.

பழங்காலக் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் நிழலை வைத்துப் பூமியை அளந்த முறை நமக்கென்றே அமைந்ததுபோல இருக்கும். செப்டெம்பர் 2, 3 அளவில் மட்டக்களப்பில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்ட தடிக்கு நிழலே இராது. ஏப்ரல் 9, 10 அளவிலும் இப்படி நடக்கும், ஆனால் அப்போது புத்தாண்டு விடுமுறை குறுக்கிடலாம். இங்கே நிழல் இல்லாத அதே நாள் நண்பகலில் யாழ்ப்பாணத்தில் ஒரு மீற்றர் தடிக்கு 3.4 செ.மீ. நிழல் விழும். இரண்டு ஊருக்கும் அகலாங்கில் ஏறத்தாழ 2 பாகை வித்தியாசம், வடக்குத் தெற்காக 217 கிலோமீற்றர் அளவு. மிச்சம் கணக்கு: தடியின் உயரத்தையும் நிழலின் நீளத்தையும் வைத்துக் கோணத்தை எடுத்து, அந்தக் கோணத்துக்கு இவ்வளவு தூரம் என்றால் 360 பாகைக்கு எவ்வளவு என்று பார்த்தால் பூமியின் சுற்றளவு வரும். நிழலில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தாலே விடை ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் மாறிவிடும், எனவே இரண்டு மீற்றர் தடியே நல்லது. யாழ்ப்பாணத்தில் நண்பகல் நமக்கு ஏழு நிமிடம் பிந்தித்தான் வரும். அங்குள்ளவர்கள் மணிக்கூட்டைப் பாராமல், நிழல் ஆகக் குறுகும் கணத்தைக் குறிக்க வேண்டும். அங்கே தெரிந்த விஞ்ஞான ஆசிரியர் யாராவது இருந்தால் ஓகஸ்டிலேயே பேசி வையுங்கள்.