ஒரேயடியாக நிறுத்துவதா, அளவு வைப்பதா?

கேட்டதெல்லாம் கிடைத்துப் பழகிய பிள்ளையை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் இரண்டு கட்சி. கடைத் தீனி, பொம்மை எதுவும் இனி கிடையாது என்பது என் கணவர் கட்சி. சனிக்கிழமை மட்டும் ஒன்று, மற்ற நாள் இல்லை என்பது என் கட்சி. நடப்பது என் கட்சிதான், அதனால் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

அடி, மிரட்டல் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரேயடியாக நிறுத்துவதில் ஒரு வசதி உண்டு, பேரமே கிடையாது. கைக்குழந்தைக்கு போன் என்றால் நானும் அந்தப் பக்கம்தான். 2 வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது.

ஆனால் வீட்டில் எல்லாரும் ஒரு விதியைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. தெருமுனைப் பொட்டிக் கடையில் சிப்ஸ் பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும். என் பெண் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். “குடும்மா, பத்து ரூபாதானே, அப்புறம் தா” என்பார் கடைக்காரர். வீட்டுக்கு வந்தால் ஆயா சுருக்குப்பையை அவிழ்ப்பார். எல்லாரும் மறுத்து, ஒருத்தர் மட்டும் எப்போதாவது மசிந்தால் அடம் இன்னும் கெட்டிப்படும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் கிடைக்கும் பலன்தான் பழக்கத்தைச் சீக்கிரம் விடவிடாது என்று உளவியலாளர் ஸ்கின்னர் விலங்குகளை வைத்தே காட்டினார். நிறுத்திய புதிதில் அழுகை கூடத்தான் செய்யும். அந்த நேரத்தில் மசிந்தால், இன்னும் சத்தமாக அழுதால் கிடைக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்த மாதிரி.

பேத்திக்கு ஒன்றுமே வாங்கித் தரக்கூடாது என்றால் எந்த ஆயா கேட்பார்? அதனால் சனிக்கிழமை வாங்கித் தரும் பொறுப்பையே ஆயாவிடம் கொடுத்துவிட்டேன். இப்போது புதன்கிழமை கேட்டால், “சனிக்கிழமை வரட்டும், நான் வாங்கித் தரேன்” என்று அவரே சொல்கிறார். கடைக்காரரிடமும் கடன் வேண்டாம் என்று சொல்லிவைத்தாயிற்று.

உறவுக்காரர்கள் வரும் நாளில் மட்டும் இது குலைகிறது. வருகிறவர் கையில் பிஸ்கட் பாக்கெட் இல்லாமல் வருவதில்லை. அதை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவேன், சனிக்கிழமைக் கணக்கு. பத்து வயது தாண்டி, கையில் காசு புழங்கும் பிள்ளைக்கு இது எடுபடுமா தெரியாது. என் பெண்ணுக்கு ஆறுதான்.