கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தால் முதலில் அதைச் சுரண்டிப் பாருங்கள்

என் பழைய டிரக்கின் ஹிட்ச் குண்டை, அதாவது பின்னால் டிரெய்லரை மாட்டுகிற இரும்புக் குண்டை, மாற்றக் கொடுத்து ஏமாந்த கதை இது. டிரெய்லர் இழுப்பவர்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

குண்டு பல வருடமாகக் கழற்றப்படாமல் கிடந்தது. மேலே சின்னச் சின்னக் குழிகள், ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. கீழே நட்டு துருப்பிடித்து, குண்டின் அடியில் இருக்கும் மரை போட்ட தண்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஸ்க்ரூ ஸ்பேனர் போட்டுத் திருகியதில் நட்டின் மூலைகளை மழுக்கியதுதான் மிச்சம். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். சரி, தெரிந்தவர்கள் செய்யட்டும் என்று ஒரு பட்டறையில் விட்டேன். "2 அங்குலக் குண்டு, 1 அங்குலத் தண்டு" என்று வாயால் சொன்னேன். எழுதிக் கொடுக்கவில்லை.

மாலையில் போனால் எல்லாம் பளபளவென்று கறுப்பாக இருந்தது. "புதுசு மாதிரி ஆக்கிட்டோம் சார்" என்றார்கள். பில்லில் "ஹிட்ச் வேலை" என்று ஒரே வரி. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் காலி டிரெய்லரை மாட்டினேன். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பின்னால் டக் டக் என்று சத்தம். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் கப்ளர் (டிரெய்லரின் முனையில் குண்டைக் கவ்வும் பகுதி) குண்டை விட்டுக் கழன்று துள்ளியது. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் குறுக்காக மாட்டியிருந்ததால் டிரெய்லரின் மூக்கு சாலையில் குத்தாமல் சங்கிலி மேல் விழுந்தது. சரக்கு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

ஓரம்கட்டிவிட்டு குண்டின் தலையில் பெயின்டைச் சுரண்டினேன். அளவும் தாங்கும் எடையும் அங்கேதான் பொறித்திருக்கும். 1⅞ என்று இருந்தது! 2 அங்குலக் கப்ளருக்குள் அந்தக் குண்டு உட்காரும், பூட்டும் விழும், பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கும். வித்தியாசம் 3 மில்லிமீட்டர்தான். குலுங்கினால் வெளியே வர அது போதும்.

கீழே குனிந்து பார்த்தபோதுதான் முழு அழகும் தெரிந்தது. பழைய நட்டை கேஸ் கட்டரால் அறுத்திருக்கிறார்கள். அதில், குண்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் தண்டு நுழைகிற துளையின் விளிம்பும் உருகி, வட்டமாக இருந்தது முட்டை வடிவமாகிவிட்டது. அதில் ¾ அங்குலத் தண்டுள்ள குண்டைச் செருகி, மேலும் கீழும் வாஷர்களை அடுக்கி, ஆடாமல் இருக்க நட்டைச் சட்டத்தோடு வெல்டு வைத்துவிட்டார்கள். துளை தண்டைவிட அதிகபட்சம் 1/16 அங்குலம்தான் பெரிதாக இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் இடைவெளியை அடைக்க அதற்கென்று விற்கிற புஷ் (வளையம்) போட வேண்டும். வெல்டு வைத்தால் பலம் கூடும் என்பது சுத்தப் பொய். அந்தச் சூட்டில் இரும்பின் பதம் கெட்டு, விரிசல் விடும் இடமே அதுவாகிவிடும்.

திரும்பப் போய்க் கேட்டேன். "நீங்கள் அளவே சொல்லவில்லை" என்றார் உரிமையாளர். வெல்டு "எக்ஸ்ட்ரா சேஃப்டிக்காக" வைத்ததாம். பழைய குண்டைக் காட்டச் சொன்னேன், இரும்புக்காரரிடம் போய்விட்டதாம். கையில் இருந்த பில்லில் அளவு இல்லை, தண்டு இல்லை, எதுவும் இல்லை. எதை வைத்துச் சண்டை போடுவது? அளவை பில்லில் எழுதி வாங்குங்கள், கழற்றியதைத் திருப்பிக் கேளுங்கள்.

அப்புறம் விசாரித்தபோதுதான் தெரிந்தது, கழற்றுவது வீட்டிலேயே முடிகிற வேலை. சட்டத்தை உருவி, தலைகீழாகத் திருப்பி ரிசீவரிலேயே (டிரக்கின் பின்னால் சட்டம் செருகுகிற சதுரக் குழாய்) செருகி, பூட்டும் பின்னைப் போட்டுவிட்டால் டிரக்கே இறுக்கிப் பிடிக்கும் வைஸ் ஆகிவிடுகிறது, நட்டு மேலே பார்த்தபடி இருக்கும். மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை இரண்டு நாளைக்கு அவ்வப்போது அடிக்க வேண்டும். 1 அங்குலத் தண்டின் நட்டுக்கு 1½ அங்குல ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனர், அதன் கைப்பிடியில் நீளமான பைப். குண்டின் கழுத்தில் இரண்டு பக்கம் தட்டையாக இருந்தால் அங்கே இன்னொரு ஸ்பேனர் பிடித்துக்கொள்ளும். முதலில் இறுக்குகிற பக்கம் லேசாக அசைத்துவிட்டுப் பிறகு தளர்த்துங்கள். அப்படியும் அசையாவிட்டால் கிரைண்டரால் நட்டை மட்டும் கீறி, உளியால் பிளந்துவிடலாம். துளைக்கு ஒன்றும் ஆகாது.

புதுக் குண்டை மாட்டும்போது ஸ்பிரிங் வாஷர் கட்டாயம். இறுக்கிய பிறகு நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரையாவது தெரிய வேண்டும். டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) ¾ அங்குலத் தண்டுக்குப் பொதுவாகச் சொல்வது 160 அடி-பவுண்டு, 1 அங்குலத்துக்கு 250. குண்டு வந்த பெட்டியில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில ஓட்டத்துக்குப் பிறகு மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும். டிரெய்லரை மாட்டியதும் அதன் முன் ஜாக்கைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். டிரக்கின் பின்பக்கம் கூடவே எழும்ப வேண்டும், கப்ளர் மட்டும் கழன்று எழும்பக் கூடாது. அன்றைக்கு இதைச் செய்திருந்தால் வாசலிலேயே தெரிந்திருக்கும்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. பழைய கிரீஸை மண்ணோடு துடைத்தெடுத்து, மெல்லிசாகப் புதிதாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் மூடி போட்டால் போதும். ஆட்டத்தைக் குறைக்க உராய்வுப் பட்டைகள் உள்ள கப்ளர் என்றால் மட்டும் கிரீஸ் கூடாது, குண்டு உலர்ந்தே இருக்க வேண்டும்.

முட்டைத் துளை விழுந்த சட்டம் கொஞ்ச நாள் ஷெட்டில் கிடந்தது. துளையை வெல்டு வைத்து அடைத்துக்கொள்கிறேன் என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் கண்முன்னாலேயே இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.