மியூன்ஸ்டரா, ஓஸ்னாப்ரூக்கா?

ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போரை 1648இல் முடித்துவைத்த வெஸ்ட்ஃபாலியா சமாதானத்துக்கு ஜெர்மனியின் இந்த இரண்டு ஊர்களுமே உரிமை கொண்டாடுகின்றன. இரண்டு பேர் சொல்வதும் சரிதான். பிரான்சுடன் பேச்சு கத்தோலிக்க மியூன்ஸ்டரில் நடந்தது, சுவீடனுடன் ஓஸ்னாப்ரூக்கில். நடுவே சுமார் 50 கிலோமீட்டர்.

மியூன்ஸ்டர் பெரியது, மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள். பழைய மதில் இருந்த இடத்தில் இன்று மரநிழல் பாதை ஊரைச் சுற்றி ஓடுகிறது. அதில் சைக்கிள்களின் ராஜ்யம். ஆனால் லம்பெர்ட்டி தேவாலயக் கோபுரத்தைப் பாருங்கள்: 1536இல் கொல்லப்பட்ட மறுஞானஸ்நானக்காரத் (வளர்ந்த பிறகே ஞானஸ்நானம் என்ற கிறிஸ்தவப் பிரிவு) தலைவர்கள் மூவரின் உடல்களை வைத்த இரும்புக் கூண்டுகள் இன்னும் தொங்குகின்றன. சமாதான ஊருக்கு வினோதமான அலங்காரம்!

ஓஸ்னாப்ரூக் ஏறக்குறைய பாதி அளவு. அங்கே 1648க்குப் பிறகு கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் மாறி மாறி ஆயர் பதவியில் அமர்ந்தார்கள். அந்தச் சமாதானத்தின் நினைவாக ஆண்டுதோறும் அக்டோபர் 25 அன்று நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பொம்மைக் குதிரை ஏறி நகர மன்றத்துக்கு ஊர்வலம் போகிறார்கள். நாஜிகள் கொன்ற உள்ளூர் யூத ஓவியர் ஃபெலிக்ஸ் நுஸ்பௌமுக்கு டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்த அருங்காட்சியகமும் இங்கேதான்.

குடியேற மியூன்ஸ்டர். ஆனால் ஒரே ஒரு நாள் என்றால் என் ஓட்டு ஓஸ்னாப்ரூக்குக்கு.