யூரியா வயலா, தொழுவுர வயலா: மண்ணுக்குள் யாருக்குக் கூட்டம் அதிகம்?

பர்மாவில் பெகு பக்கம் நெல் அறுத்த கையோடு உளுந்து விதைப்பது நமக்குப் பழக்கம்தான், அதனால் மண்ணில் நுண்ணுயிர் எப்படி இருக்கிறது என்று சோதிப்பது சுலபம். பூக்கும் சமயத்தில் ஒரு செடியைத் தோண்டி வேரைக் கழுவிப் பாருங்கள். தொழுவுரம் போட்ட வயலில் வேர்முடிச்சு கொத்தாக இருந்தது, நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு, அதாவது ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. யூரியா தாராளமாக வீசிய எங்கள் வயலில் நாலைந்து முடிச்சுதான். தழைச்சத்து சும்மா கிடைக்கும்போது செடி ஏன் பாக்டீரியாவுக்குச் சோறு போடப்போகிறது?

சுவிட்சர்லாந்தில் 1978 முதல் இயற்கை முறை, ரசாயன உர முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இயற்கை முறையில் நுண்ணுயிர் அதிகம், வேருக்கு உதவும் பூஞ்சை படர்வது 40 சதவீதம் கூடுதல். மகசூல் மட்டும் சுமார் 20 சதவீதம் குறைவு, அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. சரி, அங்கே கோதுமை, உருளைக்கிழங்கு. தண்ணீர் நிற்கும் நம் நெல்வயலுக்குக் கணக்கு வேறு.

ரசாயன உரம் மண்ணையே கொன்றுவிடும் என்பதும் மிகைதான். அளவாகப் போட்டால் பயிரோடு வேரும் தாளும் கூடும், அதுவும் நுண்ணுயிருக்குத் தீனி. வருடக்கணக்காக யூரியா மட்டுமே கொட்டி, வைக்கோலையும் கொளுத்தினால்தான் மண் புளித்து, அதாவது அமிலத்தன்மை ஏறி, வம்பு. நான் இந்த வருடம் யூரியாவைப் பாதியாக்கி, தாளை மடக்கி உழுதிருக்கிறேன்.