செய்ன் நதியின் ஒரு காலை, எங்கள் கூடத்துச் சுவரில்

பிரெஞ்சு ஓவியர் குளோத் மொனே 1897-இல் தீட்டிய, அவர் வாழ்ந்த ஜிவேர்னி என்ற ஊருக்கு அருகே செய்ன் நதியின் கிளையொன்று மூடுபனியில் கிடக்கும் ஓவியத்தின் கேன்வாஸ் அச்சுப்படியைக் கூடத்தில் மாட்டி எட்டு மாதங்கள் ஆகின்றன. மூல ஓவியம் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் வாங்கிய படி அதைவிடச் சற்றுச் சிறியது. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, 4,200 ரூபாய்க்குக் கிடைத்தது.

முதலில் வந்த படியைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. மூலம் ஏறக்குறையச் சதுரமானது: உயரம் சுமார் 90 செ.மீ., அகலம் சுமார் 93 செ.மீ. அச்சிட்டவர்களோ, சோபாவுக்கு மேலே நீளமாக இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று எண்ணினார்கள் போலும், மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். இந்த ஓவியத்தில் கைவைக்கக் கூடாத இடம் அடிப்பகுதிதான். மேலே கரையோர மரங்கள், கீழே அவை நீரில் விழும் சாயல். இரண்டையும் பிரிக்கும் கோடு பனியில் கரைந்துவிடுவதால், படத்தைத் தலைகீழாக மாட்டினாலும் வந்தவர் கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும். அந்தச் சமநிலை குலைந்தால் மிஞ்சுவது காலண்டர் படம்தான். நிறமும் கெட்டிருந்தது: சாம்பல் கலந்த நீலமும் வெளிர் ஊதாவும் இருக்க வேண்டிய இடத்தில் நீச்சல்குளத்து நீலம் பளபளத்தது.

அருங்காட்சியகம் இலவசமாகத் தரும் உயர்தரக் கோப்பிலிருந்து, ஓரங்களை வெட்டாமல், பளபளப்பற்ற மேட் கேன்வாஸில் அச்சிடும்படி கேட்டுக்கொண்ட பிறகு வந்த இரண்டாவது படியில் குறை சொல்ல அதிகமில்லை.

1896-இல் தொடங்கி, கெட்ட வானிலையால் தடைபட்டு, மறு ஆண்டு தொடர்ந்த ஓவிய வரிசையில் ஒன்று இது. மொனே விடியுமுன் எழுந்து, நதியில் கட்டியிருந்த தட்டையான படகில் அமர்ந்து, ஒளி மாற மாற ஒரு கேன்வாஸை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துத் தீட்டினார். ஆகவே நம் சுவரில் இருப்பது ஒரு நதியின் தோற்றம் என்பதைவிட, ஒரு காலையின் சில நிமிடங்கள் என்பதே பொருந்தும். படகில்லை, பாலமில்லை, மனிதரில்லை. கண் ஓடிப் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லாததால்தான் நாள் முழுக்கப் பார்த்தும் இது அலுப்பதில்லை. மாட்டிய அன்று நெடுநேரம் பார்த்துவிட்டு அம்மா, "இதுல இன்னும் விடியவே இல்லையே!" என்றார். அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

அச்சுப்படிக்கே உரிய குறை இதிலும் உண்டு. கிட்டே போனால் தூரிகைத் தடத்தின் மேடுபள்ளம் இல்லாமல் பரப்பு மொட்டையாகத் தெரிகிறது. மொனேயின் வைக்கோற்போர் ஓவியங்களைப் போல வண்ணம் தடிப்பாக ஏறிய படம் இதுவல்ல என்பதால், ஏழெட்டு அடி தள்ளி நின்றால் இழப்பு தெரிவதில்லை.

இடம் தேர்வதில்தான் நான் தவறினேன். முதலில் மாட்டியது மஞ்சள் விளக்கின் நேர்கீழே. ஊதா அத்தனையும் பழுப்பாகிப் பனியே புகையாகிவிட்டது. இப்போது சன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரில், வெயில் நேராகப் படாத இடத்தில் இருக்கிறது. கண்ணாடி போடச் சொல்வார்கள். வேண்டாம், எதிரே ஓடும் மின்விசிறிதான் நதிக்குள் சுற்றும்.